நல்கையா, வழிகாட்டியா? இணையவழிப் பயிலரங்கை வடிவமைக்கும் கலைஞர் எதை முதலில் நாடுவது

இணையவழியில் கலைப் பயிலரங்கு ஒன்றை வடிவமைக்க முற்படும் கலைஞர், வெளியிலிருந்து உதவி தேடத் தொடங்கியதும் இரண்டு வகையான அறிவிப்புகளைக் காண்பார். ஒன்று, ஒரு தொகையைத் தந்து, குறித்த காலத்துக்குள் பயிலரங்கை நடத்தி முடித்துக் கணக்கும் அறிக்கையும் ஒப்படைக்கச் சொல்லும் நல்கை. மற்றொன்று, பணம் தராமலோ பெயரளவுக்குத் தந்தோ, துறையில் பழுத்த ஒருவரைச் சில மாதங்களுக்குத் துணையாக அமர்த்தித் தரும் வழிகாட்டல் திட்டம். இரண்டுக்கும் ஒருசேர விண்ணப்பிக்கக் கூடாது என்ற விதி பெரும்பாலும் இருப்பதில்லை. ஆயினும் ஒரு நல்ல விண்ணப்பத்தை எழுதி முடிக்கவே வாரக்கணக்கில் உழைக்க வேண்டியிருப்பதால், கலைப்பணியையும் கைவிட முடியாத ஒருவர் ஏதேனும் ஒன்றை முதலில் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

பெரும்பாலோர் நல்கையையே முதலில் நாடுகிறார்கள். கையில் பணம் இருந்தால் ஆலோசனையையும் கட்டணம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நியாயமாகத் தோன்றும் இந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டுப்போகிறது. நல்கை என்பது முடிவுசெய்யப்பட்ட ஒரு திட்டத்துக்குத் தரப்படும் பணம். எத்தனை அமர்வுகள், எத்தனை பங்கேற்பாளர்கள், என்னென்ன கருவிகள், எந்த மாதம் என்பதையெல்லாம் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே முதல் தவணை வருகிறது. வழிகாட்டியோ அந்த முடிவுகளையே கேள்விக்கு உட்படுத்துகிறவர். ஆகவே நல்கையைப் பெற்றுக்கொண்ட பிறகு வழிகாட்டியைத் தேடுகிறவர், எதை மாற்றுவதானாலும் அனுமதி கேட்டாக வேண்டிய ஒரு திட்டத்தை வைத்துக்கொண்டு ஆலோசனை கேட்கும் நிலைக்கு வந்துவிடுகிறார். பயிலரங்கின் வடிவம் எவ்வளவு உறுதிப்பட்டிருக்கிறது என்பதே எதை முதலில் நாடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும் என்பதும், கைவசம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது அதற்கு அடுத்த கேள்விதான் என்பதும் என் கருத்து.

இணையவழிக் கற்பித்தலில் இந்தக் கருத்து மேலும் வலுப்பெறுகிறது. ஏனெனில் நேரில் கற்பிக்கும்போது ஆசிரியர் தம்மை அறியாமலே செய்துவிடும் பல காரியங்கள் திரையில் நடப்பதில்லை. லினோ தகட்டில் உருவம் செதுக்கி அச்செடுக்கக் கற்றுத்தருபவரை எடுத்துக்கொள்வோம். நேர் வகுப்பில் அவர் மேசைக்கு மேசை நடந்து, ஒருவர் உளியைப் பிடித்திருக்கும் கோணத்தைத் தொட்டுத் திருத்துவார். செதுக்கும் ஓசையைக் கொண்டே யார் தேவைக்கு மேல் ஆழமாகச் செதுக்குகிறார் என்று கண்டுகொள்வார். திரையில் அவருடைய கைகளைக் காட்ட மேலிருந்து நோக்கும் ஒரு கேமரா வேண்டும். அதை எதிர்ப்புறம் பார்த்துப் பொருத்திவிட்டால் பங்கேற்பாளருக்குக் கைகள் தலைகீழாகத் தெரியும். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு விளக்கு வலப்புறம் இருந்தால், உளியின் முனை தகட்டைத் தொடும் அதே இடத்தில் கையின் நிழல் விழுந்து மறைக்கும். ஜூம் போன்ற செயலிகள் ஒருவருடைய படத்தை அவருக்கு மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிக் காட்டுவதால், ஆசிரியர் தம் திரையைப் பார்த்து ‘இடப்பக்க ஓரம்’ என்று சொல்வது பங்கேற்பாளரின் திரையில் வலப்பக்க ஓரமாக இருக்கும்.

இசைப் பயிலரங்கில் சிக்கல் வேறு விதமானது. இத்தகைய செயலிகளின் இரைச்சல் குறைக்கும் வசதி மனிதப் பேச்சைக் காப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. இடைவிடாமல் ஒலிக்கும் சுருதியை அது மின்விசிறியின் ஓசையாகக் கருதி அடக்கிவிடக்கூடும். அதைவிடப் பெரிய தடை காலத்தாமதம். சேர்ந்து இசைப்பவர்களுக்கு இடையே ஒலி ஏறத்தாழ 30 மில்லிநொடிக்கு மேல் தாமதித்தால் தாளம் பிசகத் தொடங்கும். காணொளி அழைப்புகளில் தாமதம் பொதுவாக அதைவிடப் பல மடங்கு இருக்கும். ‘நான் பாடப் பாட எல்லோரும் உடன் பாடுங்கள்’ என்பதையே மையமாகக் கொண்ட ஒரு பாடத்திட்டம் எவ்வளவு விலையுயர்ந்த ஒலிவாங்கியை வாங்கினாலும் இத்தகைய அழைப்பில் நடக்காது. இதை முன்கூட்டியே சொல்லக்கூடியவர், அதே வேலையை ஏற்கெனவே செய்து பார்த்த ஒருவர். நல்கைக்கான விண்ணப்பப் படிவத்தில் இந்தக் கேள்வி கேட்கப்படுவதே இல்லை.

இரண்டு உதவிகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் அமர்வுத் திட்டத்தை வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும். ஒரு மணி நேர அமர்வு என்று வைத்துக்கொள்வோம். முதல் 10 நிமிடம் அறிமுகம், அடுத்த 25 நிமிடம் அக்கலையின் வரலாறு, பிறகு 15 நிமிடம் செய்முறை விளக்கம், கடைசி 10 நிமிடம் கேள்விகள் என்று கலைஞர் எழுதியிருக்கிறார். தேர்வுக் குழு இதைப் படித்தால் ஒழுங்கான திட்டம் என்றே எண்ணும். நேரம் கூட்டினால் சரியாக வருகிறது, வரலாறும் இருக்கிறது, செய்முறையும் இருக்கிறது. திரைவழிக் கற்பித்தலில் பழகிய வழிகாட்டி இதே தாளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: ‘இருபதாவது நிமிடத்தில் பங்கேற்பாளரின் கைகள் என்ன செய்துகொண்டிருக்கும்?’ ஒன்றும் செய்துகொண்டிருக்காது. இருபதாவது நிமிடம் மட்டுமன்று, அமர்வு முழுவதுமே அவர்கள் எதையும் தொடப்போவதில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு வரலாற்றுப் பகுதி முன்கூட்டியே அனுப்பப்படும் பதிவாக மாறும், ஐந்தாவது நிமிடத்தில் முதல் கோடு தாளில் விழும், அமர்வின் நடுவில் எல்லோரும் தம் கைவேலையைக் கேமராவுக்குக் காட்டும் இடைவேளை ஒன்று வரும். பட்டியலில் இருந்த கேமராக்களின் எண்ணிக்கை குறைந்து, உதவியாளருக்கான செலவு கூடவும் கூடும். அதாவது, வரவு செலவுத் திட்டமே வேறாகிவிடும்.

பதிவுசெய்த காணொளிகளைப் பொறுத்தவரை ஆய்வுகளும் இதே திசையில்தான் செல்கின்றன. 2014ஆம் ஆண்டு பிலிப் குவோவும் உடன் பணியாற்றியோரும் எட்எக்ஸ் என்னும் இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்தபோது, காணொளி எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் பார்ப்பவர்களில் பாதிப் பேராவது ஆறு நிமிடத்துக்கு மேல் தொடர்வதில்லை என்று கண்டார்கள். வெறும் விளக்கப் படவில்லைகளைவிட, பேசிக்கொண்டே கையால் வரைந்து காட்டும் காணொளிகளில் மாணவர்கள் அதிக நேரம் நிலைத்தார்கள் என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. கலைஞர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி. நேரலையைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதிய கட்டுரை, காணொளி அழைப்புகள் களைப்பூட்டுவதற்கு நான்கு காரணங்களை முன்வைக்கிறது: மிக நெருக்கத்தில் முகங்களை உற்றுநோக்க நேர்வது, இடையறாது தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பது, உடல்மொழியைத் திரையில் அனுப்பவும் புரிந்துகொள்ளவும் தேவைப்படும் கூடுதல் முயற்சி. கலைப் பயிலரங்கு இந்நான்கில் மூன்றையாவது எளிதில் தவிர்க்கலாம். முகத்துக்குப் பதிலாகக் கைகளையும் மேசையையும் காட்டச் சொன்னாலே போதும்.

இவ்வளவு சொன்னதால் நல்கையைக் குறைத்து மதிப்பிடுவதாகக் கொள்ளக் கூடாது. பணத்தால் மட்டுமே ஆகக்கூடிய காரியங்கள் உண்டு. அவற்றை அறிவுரையால் ஈடுசெய்ய முடியாது. செவித்திறன் குறைந்தவர்கள் பங்கேற்கும் பயிலரங்குக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும். நீண்ட அமர்வாக இருந்தால் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள இருவர் வேண்டும். இணைய உள்ளடக்கத்துக்கான அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளின் 2.2ஆம் பதிப்பு 2023இல் வெளியானது. பதிவுசெய்த காணொளிக்கு வசனவரிகள் இருப்பதை இந்நெறிகள் அடிப்படை நிலையிலேயே கோருகின்றன. நேரலைக்கும் வசனவரிகளை அடுத்த நிலையில் கோருகின்றன. தானியங்கி வசனவரிகள் கலைச்சொற்களில் தடுமாறுவதால் மனிதர் ஒருவர் சரிபார்க்க வேண்டும், அவருக்கு ஊதியம் தர வேண்டும். பங்கேற்பாளர்களுக்குப் பொருள்களைப் பெட்டியிட்டு அனுப்புவதற்கும், அமர்வின்போது அரட்டைப் பெட்டியையும் இணைப்புத் தடங்கல்களையும் கவனிக்க ஒருவரை அமர்த்துவதற்கும் அப்படியே. யாவற்றுக்கும் மேலாக, பயிலரங்கை உருவாக்கும் மாதங்களில் கலைஞர் வாழ வேண்டும்.

இந்தக் கடைசிச் செலவைத்தான் கலைஞர்கள் விண்ணப்பத்தில் எழுதத் தயங்குகிறார்கள். உபகரணங்களுக்கு இவ்வளவு, மென்பொருள் சந்தாவுக்கு இவ்வளவு, விளம்பரத்துக்கு இவ்வளவு என்று கணக்காக எழுதிவிட்டு, ‘கலைஞர் ஊதியம்’ என்ற வரிக்கு எதிரே சுழியம் போடும் படிவங்கள் ஏராளம். செலவைக் குறைத்துக் காட்டினால் தேர்வாகும் வாய்ப்புக் கூடும் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. அனுபவமுள்ள தேர்வுக் குழு இதை எளிமையாகக் கொள்வதில்லை. தயாரிப்புக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை விண்ணப்பதாரர் எண்ணிப் பார்க்கவில்லை என்றே கொள்ளும். ஒரு மணி நேர அமர்வுக்குப் பின்னால் அதன் பல மடங்கு நேரத் தயாரிப்பு இருக்கிறது என்பது கற்பிப்பவர் எல்லோருக்கும் தெரியும். அதை எழுதிக் காட்டுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நல்கையின் நிபந்தனைகளில் மூன்றைக் கையொப்பமிடுவதற்கு முன் கவனமாகப் படிக்க வேண்டும். முதலாவது, பணம் முன்கூட்டியே வருகிறதா, செலவுசெய்த பிறகு பற்றுச்சீட்டைக் காட்டித் திரும்பப் பெறுவதா என்பது. பின்னது என்றால், ஏற்கெனவே கையிருப்பு உள்ளவருக்குத்தான் அந்த நல்கை பயன்படும். இரண்டாவது, இணைநிதி. அமெரிக்காவின் தேசியக் கலைகள் நல்கை நிதியம் அமைப்புகளுக்குத் தரும் திட்ட நல்கைகளில், தரப்படும் தொகைக்குச் சமமான தொகையை விண்ணப்பிக்கும் அமைப்பும் வேறு வழியில் திரட்ட வேண்டும் என்பது பொதுவான விதி. தனிக் கலைஞருக்கு இத்தகைய விதி பெரும் சுமையாகும். மூன்றாவது, ஒரு செலவினத்திலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. முதல் அமர்வுக்குப் பிறகு திட்டம் மாறுவதே இயல்பு என்னும் ஒரு வேலையில், மாற்றத்துக்கு இடமே தராத நல்கை பெருந்தொகையாக இருந்தாலும் அதை ஏற்பதற்கு நான் தயங்குவேன்.

இனி வழிகாட்டலுக்கு வருவோம். அதன் குறைகளும் சிறியவை அல்ல. சிறப்பான திட்டங்கள் பல, விண்ணப்பிக்கும் எவருக்கும் திறந்திருப்பதில்லை. 2002இல் தொடங்கப்பட்ட ரோலெக்ஸ் வழிகாட்டித் திட்டம் உலகப் புகழ்பெற்ற கலைஞர்களை இளங்கலைஞர்களோடு இணைக்கிறது. ஆனால் அதில் இளங்கலைஞர் தாமாக விண்ணப்பிக்க முடியாது, பிறர் பரிந்துரைத்த பிறகே அழைக்கப்படுவார். சிறிய அளவிலான திட்டங்களில் வழிகாட்டிக்கு ஊதியம் தரப்படாத நிலையில், மூன்றாவது சந்திப்புக்குப் பிறகு அவருக்கு நேரம் கிடைக்காமல் போவது வழக்கமான கதை. அத்துடன், வலிமையான ஆளுமை கொண்ட வழிகாட்டியின் ரசனை மெல்ல மெல்லப் பயிலரங்குக்குள் குடியேறி, முடிவில் அது அவருடைய பயிலரங்காகவே ஆகிவிடுவதும் உண்டு.

எந்த வகை வழிகாட்டி என்பதில்தான் பெரும்பாலும் தவறான தேர்வு நிகழ்கிறது. சொந்தக் கலையில் பெயர்பெற்ற மூத்தவரை நாடுவது இயற்கையான ஆசை. அவருடைய பெயர் அறிவிப்பில் இருப்பதும் அழகுதான். ஆனால் அவர் ஒருமுறையேனும் திரைவழியாகக் கற்பித்திராவிட்டால், கலையைப் பற்றிப் பேசுவாரே தவிர, முன்பு சொன்ன இருபதாவது நிமிடக் கேள்வி அவருக்குத் தோன்றாது. வேறு கலையைச் சேர்ந்தவராக இருந்தாலும் இணையவழியில் பல குழுக்களுக்குக் கற்பித்த ஒருவரே இந்த வேலைக்கு அதிகம் உதவுவார். மரச்சிற்பிக்குப் பின்னல்வேலை ஆசிரியர் சொல்லித்தரக்கூடியது நிறைய இருக்கிறது, இருவருக்கும் சிக்கல் ஒன்றே: கைகளைத் திரையில் காட்டுவது. கணக்கு, விளம்பரம், பதிவு, கட்டணம் ஆகியவற்றில் பழகிய நிகழ்ச்சி அமைப்பாளர் மூன்றாவது வகை. பாடம் தயாராக இருந்தும் ஆட்கள் சேராத நிலையில் மட்டுமே இவரை நாட வேண்டும்.

வழிகாட்டல் உறவுக்கும் எழுத்தில் ஓர் உடன்பாடு இருப்பது நல்லது. எத்தனை சந்திப்புகள், அவற்றில் எத்தனையை வழிகாட்டி உண்மையான அமர்வை நேரில் பார்த்துவிட்டு நடத்துவார், உருவாகும் பாடத்திட்டம் யாருக்குச் சொந்தம் என்ற மூன்றும் அதில் இடம்பெற்றால் போதும். இவற்றுள் இரண்டாவது மிக முக்கியமானது. திட்டத்தைத் தாளில் படித்துக் கருத்துச் சொல்லும் பத்துச் சந்திப்புகளைவிட, ஆறேழு நண்பர்களை வைத்து நடத்திய முன்னோட்ட அமர்வு ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேசும் ஒரு சந்திப்பு அதிகப் பயன் தரும்.

பணமும் துணையும் ஒருங்கே தரும் திட்டங்கள் சில உள்ளன. 1999இல் நியூயார்க்கில் நிறுவப்பட்ட கிரியேட்டிவ் கேப்பிடல் அமைப்பு, திட்ட நிதியோடு கலைஞரின் தொழில்வாழ்க்கைக்கான ஆலோசனைச் சேவைகளையும் சேர்த்து வழங்குவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவ்வகை கிடைக்குமானால் வேறெதையும் தேட வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் இவற்றில் போட்டி மிகக் கடுமையாக இருப்பதால், கிடைத்தால் மகிழ்ச்சி என்ற அளவில் விண்ணப்பித்துவிட்டு, அதை நம்பிப் பயிலரங்கைத் தள்ளிப்போடாமல் இருப்பதே நல்லது. தேர்ந்தெடுக்கப்பட்டோர் எல்லோரும் ஒரே கால அட்டவணையில் செல்ல வேண்டியிருப்பது இன்னொரு கட்டுப்பாடு. சிலருக்கு அதுவே உந்துதலாகவும் அமையும்.

யாரிடமும் கேட்காமல் பங்கேற்பாளர்களிடமிருந்தே முன்பணம் திரட்டும் வழியும் இருக்கிறது. 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் குறித்த இலக்கை எட்டினால்தான் பணம் கைக்கு வரும், எட்டாவிட்டால் யாரிடமிருந்தும் எதுவும் பெறப்படாது. வெற்றி பெற்ற திட்டத்திலிருந்து தளம் 5 சதவீதமும், அதற்கு மேல் பணப்பரிமாற்றக் கட்டணமும் எடுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே தம்மைப் பின்தொடரும் ஒரு கூட்டம் இல்லாத கலைஞருக்கு இவ்வழி பயன் தராது. இருப்பவருக்கு ஒரு நன்மை உண்டு: பயிலரங்கை விரும்பி வருவோர் உண்மையில் எத்தனை பேர் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

உரிமைகளைப் பற்றி ஒரு சொல். பொதுநிதியிலிருந்து வரும் சில நல்கைகள், உருவாகும் கற்றல் பொருள்களை, பிறரும் இலவசமாகப் பயன்படுத்திப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடச் சொல்லும். 2002இல் அறிமுகமான இவ்வுரிமங்களை ஒருமுறை வழங்கிவிட்டால், அதன்படி ஏற்கெனவே பெற்றுக்கொண்டவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது. பயிலரங்கையே தொடர் வருமானமாகக் கருதுகிறவர், வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிம வகையை அந்த நல்கை ஏற்கிறதா என்று கேட்டறிய வேண்டும். பலருக்கும் கற்பித்துப் பரப்புவதே நோக்கம் என்றால் இந்த நிபந்தனை ஒரு தடையே அல்ல.

இந்த அளவுகோலின்படி யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்? நேர் வகுப்பில் பல்லாண்டு அனுபவம் இருந்தும் திரையில் இதுவரை ஓர் அமர்வும் நடத்தாத நடன ஆசிரியர், தமக்கு வழிகாட்டி தேவையில்லை என்று எண்ணக்கூடும். உண்மையில் அவருக்குத்தான் அது மிகவும் தேவை. அவருடைய கற்பித்தல் முழுவதும் ஒரே அறையில் இருப்பதை நம்பி வளர்ந்தது. மாறாக, பெருஞ்சிறப்பு ஏதும் இல்லாவிட்டாலும் ஓராண்டாகச் சிறு குழுக்களுக்கு இணையவழியில் ஓவியம் கற்பித்துவரும் இளைஞர் நேரே நல்கைக்குச் செல்லலாம். எந்த அமர்வில் ஆட்கள் விலகுகிறார்கள், எந்தப் பொருளை அவர்களால் வாங்க முடிவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். குறைவது பணம் மட்டுமே. மாற்றுத்திறனாளிகளுக்கான பயிலரங்கைத் திட்டமிடுகிறவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். அதிலும், வழிகாட்டி அந்தப் பங்கேற்பாளர் சமூகத்தைச் சேர்ந்தவராகவே இருந்து, அவருக்கான ஊதியம் நல்கையில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும்.

வழிகாட்டலை முதலில் முடித்தவர் பிறகு எழுதும் நல்கை விண்ணப்பம் வேறு தரத்தில் இருக்கும். ‘50 பேர் பயன்பெறுவார்கள்’ என்ற பொதுவான உறுதிமொழிக்குப் பதிலாக, முன்னோட்டத்தில் பதிவுசெய்தவர்களில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கடைசி அமர்வுவரை இருந்தார்கள், எந்த மாற்றத்துக்குப் பிறகு அந்த எண்ணிக்கை கூடியது என்று அவரால் எழுத முடியும்.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் அறிவிக்கப்படும் நல்கையின் கடைசி நாள் நெருங்கிவிட்டது, முன்னோட்டம் இன்னும் நடக்கவில்லை என்ற நிலையும் வரும். அப்போது விண்ணப்பத்தையே இரண்டு கட்டங்களாகப் பிரித்து எழுதலாம். முதல் கட்டம் சிறிய சோதனை அமர்வுகளும் ஆலோசகருக்கான ஊதியமும். இரண்டாவது கட்டம் முழுப் பயிலரங்கு. அமர்வுகளின் எண்ணிக்கையும் நீளமும் குழுவின் அளவும் முதல் கட்டத்தின் முடிவுகளைக் கொண்டு திருத்தப்படும் என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். அனுப்புவதற்கு முன் நிதி வழங்கும் அமைப்பின் திட்ட அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, இத்தகைய திருத்தம் ஏற்கப்படுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஏற்கப்படாது என்று பதில் வந்தால், அந்தச் சுற்றை விட்டுவிட்டு முன்னோட்டத்தை நடத்தி முடித்து அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம்.